நீலகிரியில் ஓர் ஊருக்கு நிலச்சரிவுப் பேரேடு எழுதுவது எப்படி

"இந்தப் பக்கம் இதுவரை ஒன்றும் ஆனதில்லை." குன்னூர், கோத்தகிரி வட்டாரத்தில் மனை விலை பேசும்போது கட்டாயம் காதில் விழும் வார்த்தை இது. சொல்பவர் பொய் சொல்கிறார் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். அவருக்குத் தெளிவாக நினைவிருப்பது பதினைந்து, இருபது வருடம். அந்தக் காலத்தில் பெய்த பெருமழை பக்கத்துப் பள்ளத்தாக்கில் பெய்திருக்கலாம். நினைவை மட்டும் நம்பி வீடு கட்டக் கூடாது. மாவட்டத்தின் மொத்தக் கணக்கும் உதவாது, அதில் உங்கள் ஊர் கரைந்துபோய்விடும். ஊர் அளவில் தனியாக ஒரு பேரேடு எழுதித்தான் ஆக வேண்டும்.

முதலில் மாவட்டத்தின் பெரிய நிகழ்வுகளைத் தேதியோடு வரிசைப்படுத்துங்கள். 1978 நவம்பரில் மாவட்டம் முழுக்க நூற்றுக்கும் மேற்பட்ட சரிவுகள். அடுத்த வருடமே 1979 நவம்பரில் சேலாஸ் பக்கம். 1990 அக்டோபரில் கெத்தை. 1993 நவம்பரில் மேட்டுப்பாளையம் சாலையில் மரப்பாலம், அங்கே பேருந்துகளும் அடித்துச் செல்லப்பட்டன. 2009 நவம்பரில் ஊட்டி, குன்னூர், கோத்தகிரி மூன்றிலும், 40-க்கும் மேற்பட்ட உயிர்கள் போயின. 2019 ஆகஸ்டில் அவலாஞ்சி. அவலாஞ்சி என்ற பெயரே பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் நடந்த ஒரு சரிவால் வந்தது. ஊர்ப்பெயரையும் சான்றாகப் படிக்கலாம் என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் இல்லை.

இந்த வரிசையில் இரண்டைக் கவனியுங்கள். முதல் ஐந்தும் வடகிழக்குப் பருவமழைக் காலம், ஆறாவது தென்மேற்கு. தொட்டபெட்டா முகட்டுக்குக் கிழக்கே குன்னூர், கோத்தகிரிக்கு அக்டோபர், நவம்பர்தான் கண்டம். மேற்கே குந்தா மலைகள், கூடலூர், பந்தலூருக்கு ஜூன் முதல் ஆகஸ்ட். ஒரே மாவட்டம் என்றாலும் இரண்டு நாட்காட்டி. ஒரே பேரேட்டில் கலந்தால் இரண்டுமே தப்பாகும்.

இரண்டாவது, உயிரிழப்பை வைத்து மழையின் அளவையோ சரிவின் அளவையோ எடை போடக் கூடாது. 2009 நவம்பர் 10 காலையோடு முடிந்த 24 மணி நேரத்தில் கேத்தியில் 82 செ.மீ. கொட்டியது. 2019-ல் அவலாஞ்சியில் ஒரே நாளில் 91 செ.மீ. கூடுதல் மழை பெய்த இடத்தில் 2009 அளவுக்கு உயிர் போகவில்லை, ஏனென்றால் அங்கே பெரும்பகுதி காடும் அணைப் பகுதியும். கேத்திப் பள்ளத்தாக்கில் வரிசை வரிசையாக வீடு. ஆகவே "மழை எவ்வளவு, மண் எவ்வளவு நகர்ந்தது" என்பது பேரேட்டில் ஒரு பத்தி (column), "கீழே யார் இருந்தார்கள்" என்பது வேறு பத்தி. இரண்டையும் ஒன்றாக்கி "பாதிப்பு: அதிகம்" என்று எழுதிய பட்டியல் பிறகு எதற்கும் பயன்படாது.

82 செ.மீ. என்பது எவ்வளவு என்று ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். ஒரு மில்லிமீட்டர் மழை என்றால் சதுர மீட்டருக்கு ஒரு லிட்டர். ஐந்து சென்ட் மனை சுமார் 202 சதுர மீட்டர். அந்த ஒரு நாளில் அதன் மேல் விழுந்தது 1 லட்சத்து 66 ஆயிரம் லிட்டர், 12,000 லிட்டர் தண்ணீர் லாரி பதினான்கு. மேலிருந்து வடிந்து வருவது இந்தக் கணக்கில் இல்லை.

பேரேட்டில் எழுத வேண்டிய பத்திகள்: தேதி, இடம் (புல எண் அல்லது சாலைக் கிலோமீட்டர் கல்), அன்றைய மழை, முந்தைய 3 நாள், 5 நாள், 15 நாள் மழைக் கூட்டுத்தொகை, சரிவின் வகை, அதற்கு மேலே என்ன இருந்தது, இழப்பு, தகவல் எங்கிருந்து கிடைத்தது, அதை எவ்வளவு நம்பலாம். கடைசிப் பத்தியைப் பலரும் விட்டுவிடுகிறார்கள். ஒரே சரிவு மூன்று பெயரில் மூன்று தேதியில் பதிவாகி, மூன்று சரிவாக எண்ணப்படுவது அதனால்தான்.

வகையைத் துல்லியமாக எழுதுங்கள். பொக்லைன் வைத்து வெட்டிய மண்மேடு இடிவது ஒன்று. தடுப்புச் சுவர் சாய்வது ஒன்று. பாறை உருள்வது ஒன்று. ஓடை வழியாகச் சேறும் கல்லும் மரமுமாகப் பாய்ந்து வருவது இன்னொன்று. இந்தக் கடைசி வகைதான் கொடியது, தொடங்கிய இடத்திலிருந்து வெகு தூரம் வரும். அதனால் ஆய்வின் எல்லையை வருவாய்க் கிராமத்தின் எல்லையோடு நிறுத்தக் கூடாது. உங்கள் ஊருக்கு மேலே முகடு வரை, தண்ணீர் எங்கிருந்து இறங்குகிறதோ அதுவரை எல்லை போடுங்கள். மேல்பாதி வேறு கிராமத்தில் இருந்தாலும் அதுவும் உங்கள் பேரேட்டில் வர வேண்டும்.

தகவல் எங்கே கிடைக்கும்? பழைய நாளிதழ் தொகுப்புகள், தாலுகா அலுவலகத்து நிவாரணப் பதிவுகள், நெடுஞ்சாலைத் துறை மண் அகற்றிய கணக்கு, மலை ரயில் நின்ற நாட்கள். தராவிட்டால் தகவல் உரிமைச் சட்டத்தில் பத்து ரூபாய் கட்டி மனுப் போடலாம், 30 நாளில் பதில் தர வேண்டும். "பேரிடர் விவரம் தருக" என்று பொதுவாகக் கேட்டால் பொதுவான பதில்தான் வரும். கிராமம், ஆண்டு, பதிவேட்டின் பெயர் மூன்றையும் குறிப்பிட்டுக் கேளுங்கள்.

ஆனால் இந்தப் பதிவுகள் எல்லாவற்றுக்கும் ஒரே குறை: அவை சாலையை ஒட்டியே இருக்கும். போக்குவரத்து நின்றால் செய்தி, தண்டவாளம் மூடினால் பதிவு. தேயிலைத் தோட்டத்து நடுவிலோ சோலைக்குள்ளோ அரை ஏக்கர் இறங்கினால் யாரும் எழுதிவைப்பதில்லை. வரைபடத்தில் புள்ளி வைத்துப் பார்த்தால் சாலை ஓரம் மட்டும் ஆபத்து என்று தோன்றும். புள்ளி இல்லாத இடத்தைப் பாதுகாப்பான இடம் என்று படிப்பதுதான் இந்த வேலையில் நடக்கும் மிகப் பெரிய தவறு. அந்த வெற்றிடத்தை ஊர்க்காரர்கள்தான் நிரப்ப முடியும். வயதானவர்களிடம் வருடம் கேட்டால் குழம்பும். "ஹெத்தையம்மன் பண்டிகைக்கு முன்னாலயா பின்னாலயா, அப்போ பெரியவன் பள்ளிக்கூடம் போயிட்டிருந்தானா" என்று, படகர்களின் குளிர்காலத் திருவிழா போன்ற தெரிந்த நாளை வைத்துக் கேட்டால் வருடமும் மாதமும் தானாக வந்துவிடும். இரண்டு பேரிடம் தனித்தனியாகக் கேட்டு, ஒத்துப்போனால் மட்டும் எழுதுங்கள்.

மழைக் கணக்குக்கு எஸ்டேட் பதிவேடுகள் பொக்கிஷம். பல தோட்டங்களில் பல பத்தாண்டுகளாகத் தினசரி மழை எழுதியிருப்பார்கள். பார்க்கும்போது இரண்டைச் சரிபாருங்கள்: அளவு அங்குலமா மில்லிமீட்டரா, நாள் எது என்று. வானிலைத் துறைக் கணக்கில் காலை 8.30-க்கு அளப்பது அன்றைய தேதியில் பதிவாகும், பெய்ததோ பெரும்பாலும் முந்தைய இரவு. இந்த ஒரு நாள் பிசகினால் சரிவுக்குப் பிறகு மழை பெய்ததாகக் கணக்கு வரும்.

முந்தைய நாட்களின் மழையைக் கூட்டச் சொல்வது ஏன் என்றால், இங்கே அடியில் சார்னோகைட் பாறை, அதன் மேல் ஆழமாக மக்கிய மண். மேலே சிவப்பு மண், கீழே பல இடங்களில் வெளிறிய களிமண் அடுக்கு. சிவப்பு மண் தண்ணீரைக் குடிக்கும், களிமண் எளிதில் விடாது. நடுவில் தேங்கும் நீரின் அழுத்தம் மண்ணின் பிடிப்பைக் குறைக்கிறது. பத்து நாள் நனைந்த மலையில் 12 செ.மீ. மழை செய்வதை, காய்ந்த மலையில் 20 செ.மீ. செய்யாமல் போகலாம். பேரேட்டில் பத்துப் பதினைந்து நிகழ்வு சேர்ந்ததும் உங்கள் ஊருக்கான எச்சரிக்கை அளவு அதிலிருந்தே தெரியத் தொடங்கும்.

அடுத்தது நடை. டிசம்பர் கடைசி, ஜனவரிதான் சரியான காலம்: ஊற்றுகள் இன்னும் ஓடும், மழை விட்டிருக்கும். தேயிலை கவாத்து செய்த பக்கமாகப் போனால் நிலத்தின் வடிவம் மறைவில்லாமல் தெரியும். கிண்ணத்தைக் கவிழ்க்காமல் சாய்த்துவைத்தது போன்ற பள்ளம், அதற்குக் கீழே திட்டுத் திட்டாக மேடு என்றால் பழைய சரிவு. சாலையில் பிறை வடிவ வெடிப்பு, சாய்ந்த மின்கம்பம், வயிறு தள்ளிய தடுப்புச் சுவர், முன்பு இல்லாத இடத்தில் ஊற்று, எல்லாவற்றையும் குறியுங்கள். ஒரு சில்வர் ஓக் சாய்ந்திருந்தால் காற்றாக இருக்கலாம். ஒரே மட்டத்தில் ஐந்தாறு மரம் ஒரே பக்கம் சாய்ந்து, அடிமரம் வளைந்து மேலே நிமிர்ந்திருந்தால் மண் மெல்ல நகர்கிறது என்று பொருள்.

நிலத்தின் சாய்வை அளக்கத் தனிக் கருவி வேண்டாம். கொத்தனாரின் ட்யூப் லெவல் (மட்டம் பார்க்கும் தண்ணீர்க் குழாய்) போதும். கிடைமட்டமாக 2 மீட்டருக்கு 1.15 மீட்டர் இறங்கினால் 30 பாகை. வெட்டிய மேட்டை மட்டும் தனியாக அளந்து எழுதுங்கள், அது இயற்கைச் சாய்வு அல்ல. வீட்டுக்குப் பின்னால் சுவர் இருந்தால் கசிவுத் துளைகளில் தண்ணீர் வருகிறதா என்று மழையன்று பாருங்கள். துளை இருந்தும் பின்னால் சல்லி நிரப்பாமல் மண்ணையே தள்ளியிருந்தால் அடைத்துவிடும். 3 மீட்டர் உயரச் சுவருக்குப் பின்னால் தண்ணீர் முழுதாக நின்றால், ஒவ்வொரு மீட்டர் நீளத்திலும் நான்கரை டன் தள்ளும். மண்ணின் தள்ளுவிசை இதோடு கூடுதலாகச் சேரும். சுவர்கள் நள்ளிரவில் விழுவது பலவீனமான சிமென்ட்டால் மட்டும் அல்ல, பெரும்பாலும் இந்தத் தண்ணீரால். மேல் சாலையின் சிறுபாலம் எங்கே தண்ணீரைக் கொட்டுகிறது, மேல்வீட்டு செப்டிக் டேங்க் எங்கே கசிகிறது என்பதையும் இதே நடையில் பார்த்துவிடுங்கள்.

வரைபடத்தைப் பற்றி ஒரு வார்த்தை அழுத்திச் சொல்ல வேண்டும். இந்தியப் புவியியல் ஆய்வு மையத்தின் நிலச்சரிவு வாய்ப்பு வரைபடம் 1:50,000 அளவில் தயாரானது. நல்ல வரைபடம், கட்டாயம் பாருங்கள். ஆனால் அந்த அளவில் ஒரு மில்லிமீட்டர் என்றால் தரையில் 50 மீட்டர். ஐந்து சென்ட் மனையின் ஒரு பக்கம் 14 மீட்டர், வரைபடத்தில் 0.3 மில்லிமீட்டர்கூட இல்லை. பேனாக் கோடே அதைவிடத் தடிமன். குறைந்த வாய்ப்பைக் காட்டும் பச்சை நிறத்தில் விழுந்தது என்பதற்காக மனையைப் பாதுகாப்பானது என்று சொல்வதும், அதைக் காட்டி விற்பதும் மிகவும் தவறு. அந்த வரைபடம் எங்கே கூடுதலாக நடந்து பார்க்க வேண்டும் என்பதைச் சொல்லும், அவ்வளவுதான். மாவட்ட நிர்வாகம் பட்டியலிட்டுள்ள 283 அபாய இடங்களும் அப்படித்தான். பட்டியலில் இல்லாத இடத்துக்கு அது நற்சான்று இல்லை.

இனி கணக்கு. ஓர் ஓடைக்கரையில் 42 வருடத்தில் இரண்டு முறை சேறு வந்தது என்றால், சராசரி 21 வருடத்துக்கு ஒரு முறை. 20 வருட வீட்டுக்கடன் முடிவதற்குள் ஒரு முறையாவது வர வாய்ப்பு 62 சதவீதம். "போன வருடம்தான் வந்தது, இனி இருபது வருடம் பயமில்லை" என்பது தவறான கணக்கு, 1978-க்கு அடுத்து 1979 வந்ததே. இரண்டே நிகழ்வை வைத்துப் போட்ட சராசரியும் தளர்வானதுதான், மேலே புதிதாகச் சாலை வெட்டியிருந்தால் பழைய சராசரி செல்லாது. எண்ணுக்குப் பக்கத்தில் இதையும் எழுதிவையுங்கள்.

மற்ற ஆபத்துகளைச் சுருக்கமாகத் தனித்தனித் தாளில் வையுங்கள்: பிப்ரவரி முதல் ஏப்ரல் வரை காட்டுத்தீ, குளிர்காலத்தில் உறைபனி, அணைகளுக்குக் கீழே திறப்பு நீர். நிலநடுக்கத்துக்கு 2016 இந்தியத் தரநிலையில் மூன்றாம் மண்டலம், 1900 பிப்ரவரியில் கோவை வட்டாரத்தில் ஏறத்தாழ 6 அளவில் ஒன்று வந்திருக்கிறது. எல்லாவற்றுக்கும் மதிப்பெண் போட்டுக் கூட்டி ஒரே எண்ணாக்க வேண்டாம். உறைபனியில் தேயிலை கருகும், சேற்றில் வீடு போகும், கூட்டினால் இரண்டும் சமமாகத் தெரியும்.

2024 ஜூலை முதல் கொல்கத்தாவில் உள்ள தேசிய நிலச்சரிவு முன்னறிவிப்பு மையம் நீலகிரிக்கும் மழைக்கால அறிவிக்கை தருகிறது. அது பரந்த பகுதிக்கானது. உங்கள் பள்ளத்தாக்குக்கு, பக்கங்கள் செங்குத்தாக உள்ள ஒரு பாத்திரத்தைத் திறந்த வெளியில், மரமும் கூரையும் மறைக்காத இடத்தில் வைத்துத் தினமும் காலை 8.30-க்கு ஸ்கேலால் அளந்து எழுதினால் போதும். 115.6 மி.மீ. தாண்டினால் வானிலைத் துறைக் கணக்கில் மிக கனமழை, 204.5 தொட்டால் அதி கனமழை.

பேரேட்டின் ஒரு நகலை ஊராட்சியில் கொடுங்கள். கிராம சபை மே 1-லும் அக்டோபர் 2-லும் கூடுகிறது. மேற்குப் பக்கத்து ஊர்களுக்கு முதலாவது, கிழக்குப் பக்கத்துக்கு இரண்டாவது, மழைக்குச் சரியாக முன்னால் வருகிறது. தூர்வார வேண்டிய சிறுபாலங்கள், அடைத்துப்போன கசிவுத் துளைகள், இரவில் காலி செய்ய வேண்டிய வீடுகள், போய்த் தங்க வேண்டிய பள்ளிக்கூடம் ஆகியவற்றை ஒரே பக்கத்தில் எழுதித் தீர்மானத்தோடு இணைக்கச் சொல்லுங்கள். அந்தப் பக்கத்தின் மேலே மாவட்ட அவசர எண் 1077 இருக்கட்டும்.