மித்தி பாலத்தில் ஒரு செக் ஆறு

போன ஜூலையில் ஒரு நாள், மும்பையில் மாஹிமுக்கும் பாந்த்ராவுக்கும் நடுவே மித்தி ஆற்றுப் பாலத்தின் மேல், கொட்டுகிற மழையில் லோக்கல் ரயில் நின்றுவிட்டது. கதவோரம் நின்றவர்கள் மூக்கைப் பொத்திக்கொண்டார்கள். என் காதில் அப்போது ஓடியது செக் இசையமைப்பாளர் ஸ்மெத்தனாவின் 'வல்தாவா', ப்ராக் வழியாகப் போகும் ஆற்றைப் பற்றிய 12 நிமிட இசை. கீழே கறுப்பாக என்னவோ நகர்கிறது, காதில் புல்லாங்குழல் குளுகுளுவென்று. சிரிப்பு வந்துவிட்டது.

அப்புறம்தான் உறைத்தது, இரண்டும் பிறக்கிற விதம் ஒன்றுதான். வல்தாவா இரண்டு ஓடைகள் சேர்ந்து உருவாகிற ஆறு. அதனால் ஸ்மெத்தனா முதலில் புல்லாங்குழலை ஓட விடுகிறார், அதன்மேல் கிளாரினெட் வந்து கலக்கிறது, கலந்த பிறகுதான் வயலின்கள் அந்தப் பெரிய மெட்டைத் தூக்குகின்றன. மித்தியும் விஹார் ஏரியும் பவாய் ஏரியும் வழிகிற தண்ணீர்தானே. தாராவியில் எங்களுக்கு அது வெறும் நாலா, அதாவது சாக்கடைக் கால்வாய். 2005 ஜூலை 26-இல் ஒரே நாளில் 944 மில்லிமீட்டர் பெய்து வீட்டுக்குள் இடுப்பளவு தண்ணீர் வந்தபோதுதான் அது ஆறு என்றே எனக்குத் தெரியும்.

ஸ்மெத்தனாவுக்கு 1874 அக்டோபரில் இரண்டு காதும் போய்விட்டன. அடுத்த மாதம் 20-ஆம் தேதி இதை எழுத உட்கார்ந்து டிசம்பர் 8-இல் முடித்துவிட்டார். அடுத்த ஏப்ரலில் ப்ராகில் அரங்கேறியது, அவருக்குத்தான் ஒரு சுரமும் கேட்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை அப்பாவுக்கு இதைப் போட்டுக் காட்டினேன். அவர் தாமிரபரணிக்காரர், ஆறு என்றால் அவரிடம் சும்மா பேச முடியாது. காட்டில் வேட்டைக் கொம்பு ஊதும் இடம் வரை பேசாமல் இருந்தவர், "ஏல, ஆத்தங்கரைன்னா ஒரு கல்யாண மேளம் கேக்க வேண்டாமா?" என்றார். சொல்லி வாய் மூடவில்லை, போல்கா நடன இசை ஆரம்பித்துவிட்டது, கரையில் கிராமத்துக் கல்யாணம்! அப்பா முகத்தைப் பார்க்க வேண்டுமே.

அடுத்து வரும் நிலா வெளிச்சம், நீர்த்தேவதைகள் எல்லாம் எனக்குக் கொஞ்சம் இழுவைதான். ஆனால் அது அப்படி இழுப்பதால்தான் பின்னால் வரும் புனித யோவான் பாய்ச்சல் நம்மைத் தூக்கி அடிக்கிறது. பாறையில் மோதுகிற தண்ணீர், பித்தளைக் கருவிகள், டிம்பனி முரசு, சிம்பல் தாளம், எல்லாம் ஒரே சமயத்தில். இப்போது அங்கே போனால் அந்தப் பாய்ச்சலைப் பார்க்க முடியாது. 20-ஆம் நூற்றாண்டில் அணை கட்டி, அந்தப் பாறைகளில் பெரும்பாலானவை நீர்த்தேக்கத்துக்கு அடியில் போய்விட்டன. காது கேட்காத மனிதர் எழுதி வைத்த சத்தம் மட்டும் இன்னும் இருக்கிறது.

கடைசியில் ப்ராகைத் தாண்டி ஆறு தேய்ந்து தேய்ந்து மறையும். முடிந்தது என்று அப்பா டீ போட எழுந்தார். டமார், டமார் என்று இரண்டு அடி. திடுக்கிட்டு மறுபடி உட்கார்ந்துவிட்டார்.

"கடல்ல விழுந்துட்டு போல."

"கடல் இல்லப்பா, எல்பன்னு இன்னொரு ஆத்துல போய்ச் சேருது."

"அவ்ளோதானா? எங்க ஆறு கடலுக்கே போவும்லா."