அம்மாவுக்கு ஆள் வேண்டும், எனக்கு ரயில் வேண்டும்

வேலூரில் வாடகைக்கு வீடு பார்க்கிறவர்கள் முதலில் கேட்பது தண்ணீர். இங்கே அடிக்கிற வெயிலுக்குக் கேட்டுத்தான் ஆக வேண்டும். நான் புரோக்கரிடம் இன்னொன்றும் கேட்டேன்: "அண்ணே, சாயங்காலத்துல அந்தத் தெருவுல பொம்பளைங்க வாசல்ல உட்காருவாங்களா?"

அப்பா போன பிறகு அம்மா என்னோடு இருக்கிறார். பேச ஆள் இல்லையென்றால் அவருக்குச் சோறு இறங்காது. நானோ காட்பாடியில் ரயில் ஏறிச் சென்னைக்கு வேலைக்குப் போகிறவள். காந்தி நகரில் பார்த்த வீடு காற்றும் வெளிச்சமுமாக அருமை, ஸ்டேஷனும் பக்கம். ஆனால் தெருவில் எல்லா கேட்டும் சாத்தியே கிடந்தன. சி.எம்.சி. ஆஸ்பத்திரி பக்கம் கூட்டத்துக்குக் குறைவில்லை; வங்காளத்திலிருந்து வைத்தியத்துக்கு வந்து தங்குகிறவர்கள், பழகுவதற்குள் ஊர் திரும்பிவிடுவார்கள், பாவம்.

வேலப்பாடியில் பார்த்தது பழைய வீடு. வாசல் திண்ணையில் நடுவே சிமென்ட் பெயர்ந்திருந்தது; ஓரம் மட்டும் ஆட்கள் உட்கார்ந்து உட்கார்ந்து வழவழவென்று இருந்தது. எதிர்வீட்டம்மா முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். அம்மா வீட்டுக்குள் வரவே இல்லை. கேட்காமலே ஒரு கொத்தை எடுத்து ஆயத் தொடங்கிவிட்டார். பேச்சு கோட்டைக்குள் இருக்கிற ஜலகண்டேஸ்வரர் கோயிலுக்குப் போயிற்று. 1981-ல் சத்துவாச்சாரியிலிருந்து லிங்கத்தைக் கொண்டுவந்து வைத்தபோது இரண்டு பேருமே கோட்டைக்கு ஓடினவர்களாம்! நான் உள்ளே போய்க் குழாயைத் திறந்து பார்த்தேன். தண்ணீர் வந்தது.

இப்போது ரயிலுக்குப் பாலாற்றுப் பாலம் தாண்டிப் போக வேண்டும், சீக்கிரம் கிளம்புகிறேன். அதில் எனக்கு வருத்தமே இல்லை. வீட்டுக்காரரிடம் ஒன்றுதான் கேட்டிருக்கிறேன்: திண்ணையை இடிக்காமல் பூசித் தரவேண்டும்.