197ஆம் எண்

ஜூலை 21, திங்கள்

அண்ணாச்சியின் அச்சகக் கணினி, விண்டோஸ் 7. அதன் ஹார்ட் டிஸ்க் சாகப் போகிறது. வட்டின் உடல்நிலையைக் காட்டும் கிறிஸ்டல்டிஸ்க்இன்ஃபோவில் சி5 வரிசையில் 18. அந்த மென்பொருள் மூல எண்ணை ஹெக்ஸில் (பதினாறை அடிப்படையாகக் கொண்ட எண்முறை) காட்டும், அதனால் அது 18 அல்ல, 24. பலர் இந்த இடத்தில்தான் "கொஞ்சம்தானே" என்று விட்டுவிடுவார்கள். 05 வரிசை, அதாவது ஏற்கெனவே மாற்றப்பட்ட செக்டார்களின் (வட்டின் சிறு தகவல் கட்டங்கள்) கணக்கு, இன்னும் பூஜ்யம். அதில் நிம்மதிப்பட ஒன்றுமில்லை. படிக்க முடியாத செக்டாரை வட்டு உடனே மாற்றாது. அந்த இடத்தில் மறுபடி எழுத வரும்வரை நிலுவையில் வைத்திருக்கும். அந்த நிலுவைக் கணக்குதான் சி5, தசமத்தில் 197.

ஜூலை 22

அண்ணாச்சி போனில் கேட்பது ஒன்றேதான்: "தம்பி, ஆவணி பொறக்கறதுக்குள்ள முடிஞ்சிருமா?"

ஜூலை 23, புதன்

விண்டோஸை புதிதாகப் போட்டுவிடலாமே என்று யார் வேண்டுமானாலும் சொல்லலாம். வேறு கணினியாக இருந்தால் நானும் அதைத்தான் செய்வேன். இதில் பக்கம் வடிவமைக்கும் பேஜ்மேக்கர் 7, அதற்கு மேல் பழைய தமிழ் தட்டச்சு மென்பொருள். சிடி இல்லை, விற்றவர் கடையும் இல்லை. கல்யாணப் பத்திரிகை மாதிரிகள் எல்லாம் யூனிகோடுக்கு முந்தைய எழுத்துருவில் இருக்கின்றன. அது இல்லாமல் திறந்தால் மணமகன் பெயர் இருக்கும் இடத்தில் இலத்தீன் குறிகள்தான் வரும்.

ஆகவே முழு வட்டையும் அப்படியே புதியதில் நகலெடுக்க வேண்டும். தட்டச்சு மென்பொருளின் உரிமம் எதைப் பார்த்துக் கணினியை அடையாளம் காண்கிறது என்பதே கேள்வி. பார்ட்டிஷனின், அதாவது வட்டைப் பிரித்த பகுதியின், வால்யூம் சீரியலை என்றால் பயமில்லை. அது பூட் செக்டாருக்குள் எழுதப்பட்டது, செக்டார் செக்டாராக நகலெடுத்தால் கூடவே வந்துவிடும். ஃபார்மட் செய்தால்தான் மாறும். வட்டின் சொந்த சீரியலை என்றால் கதை வேறு. அது வட்டின் உள் மென்பொருளான ஃபர்ம்வேரில் இருப்பது, எந்த நகலும் அதைத் தூக்கிக்கொண்டு போகாது. இரண்டில் எது என்று முன்கூட்டித் தெரிந்துகொள்ள வழியில்லை. மாற்றிப் பார்த்தால்தான் தெரியும்.

ஜூலை 24

எஸ்எஸ்டி (சுழலும் பாகம் இல்லாத வட்டு) வாங்கியாயிற்று. கடையில் 480 ஜிபியை நீட்டினார்கள், விலை குறைவு. வேண்டாம். பழைய வட்டில் 97,67,73,168 செக்டார்கள். 480 ஜிபியில் 93,77,03,088தான். முழு வட்டு நகல் அதில் கடைசிவரை போகாமல் நின்றுவிடும். 500 அல்லது 512 வேண்டும். 512 கிடைத்தது: 100,02,15,216.

அதைவிட வேகமான என்விஎம்இ வகை பற்றிப் பேச்சே இல்லை. மதர்போர்டு எச்61, அந்த வகையைச் செருகும் எம்.2 ஸ்லாட் கிடையாது, கார்டு போட்டுச் செருகினாலும் அந்தக் காலத்து பயாஸ் (கணினியைத் தொடக்கி வைக்கும் மென்பொருள்) அதிலிருந்து பூட் ஆகாது. எச்61இல் வட்டைச் செருகும் சாட்டா போர்ட்டுகளும் விநாடிக்கு 3 ஜிகாபிட்தான், ஆகவே பெட்டியில் அச்சிட்ட 550 எம்பி வேகத்தில் பாதிதான் வரும். அதனால் நஷ்டமில்லை. நிமிடத்துக்கு 7,200 சுற்று சுற்றும் வட்டில், தகவல் தலைக்கு அடியில் வந்து சேரவே சராசரியாக 4.17 மில்லிவிநாடி ஆகும். தலை நகரும் நேரம் தனி. கணினி இழுப்பதற்கு அதுதான் காரணம், அந்தக் காத்திருப்பு எஸ்எஸ்டியில் கிடையாது.

2.5 அங்குலத்தை 3.5 இடத்தில் மாட்ட பிராக்கெட் ஒன்று. மின்சாரம் தரும் எஸ்எம்பிஎஸ்ஸில் சாட்டா பவர் முனை ஒன்று சும்மா இருக்கிறது, நல்லது. பழைய மோலெக்ஸ் முனையிலிருந்து மாற்றும் வார்ப்பு அடாப்டர்களை நான் எங்கேயும் போடுவதில்லை. உள்ளே கம்பிகள் ஒன்றையொன்று தொட்டு உருகிய முனைகளைப் பார்த்தால் யாரும் போடமாட்டார்கள்.

ஜூலை 25

சி5: 28. அதாவது 40. எட்டு எட்டாகத்தான் ஏறும். உள்ளே செக்டார் 4,096 பைட், வெளியே 512 என்று சொல்லிக்கொள்கிறது. பவர் வயரைப் பிடுங்கி வைக்கச் சொல்லியாயிற்று. வட்டைச் சரிபார்க்கும் சிக்கெடிஸ்க் ஓட்டிப் பார்க்கட்டுமா என்று அங்கே யாரோ கேட்டார்களாம். கூடவே கூடாது. சாகக் கிடக்கும் வட்டில் அதை ஓட்டினால், இருக்கிற பலத்தையெல்லாம் பழுதான இடத்தில் முட்டிமோதியே தீர்த்துவிடும். போதாததற்கு எழுதவும் செய்யும்.

ஜூலை 27, ஞாயிறு

தொடங்கியது. லினக்ஸ் பென்டிரைவில் பூட், இரண்டு வட்டும் நேராக போர்டின் சாட்டாவில். யுஎஸ்பி அடாப்டர் வழியாகச் செய்யவில்லை: சில அடாப்டர்கள் செக்டார் அளவையே மாற்றிச் சொல்லும், அப்படி எடுத்த நகலை நேராக மாட்டினால் பார்ட்டிஷன் தெரியாது. பிழை வந்தால் அடாப்டரே தொங்கிவிடுவதும் உண்டு.

வட்டுகளுக்கு லினக்ஸ் வைக்கும் எஸ்டிஏ, எஸ்டிபி என்ற பெயர்களை நம்பவே கூடாது, ஒவ்வொரு பூட்டிலும் மாறலாம். எல்எஸ்பிஎல்கே கட்டளை காட்டும் சீரியலை வட்டின் லேபிளோடு ஓர் எழுத்து விடாமல் ஒத்துப்பார்த்த பிறகே என்டர். மூலமும் இலக்கும் இடம் மாறினால் காலி வட்டு போய் தகவல் உள்ள வட்டின் மேல் உட்கார்ந்துவிடும்.

பழுதான வட்டிலிருந்து நகலெடுக்கும் டிடிரெஸ்கியூ, முதல் சுற்று சுரண்டல் (பழுதான இடத்தைத் துருவுவது) இல்லாமல். எளிதாக வருவதை முதலில் வாங்கிக்கொள்ள வேண்டும். அடம்பிடிக்கும் இடத்தைத் தாண்டிப் போய்விடும், பிறகு திரும்பி வரும். எங்கே எது மிச்சம் என்ற கணக்கு மேப்ஃபைலில். அதை இன்னொரு பென்டிரைவில் வைத்திருக்கிறேன், லைவ் லினக்ஸின் ராமில் அல்ல. வட்டுக்குப் பக்கவாட்டில் டேபிள் ஃபேன்.

விநாடிக்கு 110 எம்பியில் போகிறது. பாதியில் 4 கேபி. பிறகு மறுபடி 90.

ஜூலை 28

மின்வெட்டு. யுபிஎஸ் தாங்கவில்லை. அதே கட்டளை, அதே மேப்ஃபைல். விட்ட இடத்திலிருந்து எடுத்துக்கொண்டது. மேப்ஃபைல் ராமில் இருந்திருந்தால் அந்த வட்டை முதலிலிருந்து படிக்க வேண்டியிருக்கும், அதற்கு அதில் உயிர் இருந்திருக்குமா என்பது சந்தேகம்.

197: 112.

ஜூலை 29

மிச்சம் 57,344 பைட். நேரடி அணுகலோடு மூன்று மறுமுயற்சி கொடுத்துவிட்டிருக்கிறேன். டக், டக். இடைவெளி. டக்.

இரவு: 36,864 பைட். இதற்கு மேல் கேட்டால் வட்டே போய்விடும். நிறுத்தியாயிற்று.

ஜூலை 30, புதன்

36,864 பைட் என்பது உள்ளே 4,096 பைட்டாக இருக்கும் ஒன்பது செக்டார். 500 ஜிபியில் அது ஒன்றுமே இல்லை, அது எழுத்துருக் கோப்புக்குள் விழாதவரை. எங்கே விழுந்தது?

டிடிரெஸ்கியூவிலேயே வழி இருக்கிறது, அதிகம் பேருக்குத் தெரியாது. நிரப்பு முறை: மேப்ஃபைலில் பழுது என்று குறித்த இடங்களில் மட்டும், புதிய வட்டில், நாம் கொடுக்கும் சொல்லை எழுதிவைக்கும். எங்கேயும் தற்செயலாக வராத சொல்லாகப் பார்த்துக் கொடுக்க வேண்டும். பிறகு பார்ட்டிஷனை வாசிப்பு மட்டும் என்று மவுண்ட் செய்து, கோப்புகள் முழுக்க அந்தச் சொல்லைத் தேட வேண்டியதுதான்.

ஃபான்ட்ஸ் கோப்புறை: இல்லை. தட்டச்சு மென்பொருள் கோப்புறை: இல்லை. விண்டோஸின் தற்காலிக நினைவகக் கோப்பான பேஜ்ஃபைலில் இருக்கிறது, அது போனால் போகட்டும். ஒரு பழைய காதணி விழா அழைப்பிதழின் பிஎம்டி கோப்பில் இருக்கிறது. மற்றவை எந்தக் கோப்புக்கும் சொந்தமில்லாத காலியிடம்.

ஒரு காதணி விழாவோடு போயிற்று!

ஜூலை 31

பழைய வட்டைக் கழற்றிய பிறகு முதல் பூட். எம்பிஆர் (வட்டின் முதல் செக்டார்), 100 எம்பி சிஸ்டம் ரிசர்வ்டு, சி, எல்லாம் அப்படியே. பார்ட்டிஷன் தொடக்கம் 10,48,576 பைட். 4,096ஆல் மீதியின்றி வகுபடுகிறது. எக்ஸ்பி காலத்து நிறுவலாக இருந்தால் 63ஆம் செக்டாரில் தொடங்கி, ஒவ்வொரு முறை எழுதும்போதும் தகவல் இரண்டு உள் செக்டாரில் கால் வைத்திருக்கும்.

தட்டச்சு மென்பொருள் திறந்தது. எதையும் கேட்கவில்லை.

ஆகஸ்ட் 1

இப்போது ஓட்டலாம் சிக்கெடிஸ்க், புதிய வட்டில். பின்னர் விண்டோஸ் கோப்புகளைச் சரிபார்க்கும் எஸ்எஃப்சி. இரண்டும் சுத்தம்.

ஆகஸ்ட் 3, ஞாயிறு

ஆடிப்பெருக்கு. அச்சகம் பூட்டு.

ஆகஸ்ட் 5

பயாஸில் சாட்டா இன்னும் பழைய ஐடிஇ முறையில். அப்படியே புதிய ஏஹெச்சிஐ முறைக்கு மாற்றினால் விண்டோஸ் 7 நீலத்திரையில் 7பி பிழை காட்டி நிற்கும், ஏனென்றால் அந்த டிரைவர் பூட்டின்போது ஏறுவதில்லை. முதலில் விண்டோஸின் அமைப்புகள் இருக்கும் ரெஜிஸ்ட்ரியில் சர்வீசஸுக்குக் கீழே எம்எஸ்ஏஹெச்சிஐ, அதன் ஸ்டார்ட் மதிப்பு 3இலிருந்து 0. அதன் பிறகு ரீஸ்டார்ட், பயாஸில் மாற்றம், சேமிப்பு. டிரைவர் தானே ஏறி மறுபடி ஒரு ரீஸ்டார்ட் கேட்கும். நீலத்திரை வந்தாலும் பதற வேண்டாம், ஐடிஇக்குத் திருப்பினால் பழையபடி ஏறிவிடும்.

இதற்காகக் கை நடுங்கியது ரெஜிஸ்ட்ரியால் அல்ல. கன்ட்ரோலர் மாறினால் வட்டைக் கேட்கும் வழியும் மாறுகிறது. அந்த மென்பொருள் மறுபடி எதையாவது பார்த்துவிட்டு உரிமம் கேட்டால்?

கேட்கவில்லை.

ஆகஸ்ட் 6, புதன்

புதன் அதிகாலை 1 மணிக்கு டிஃப்ராக் (சிதறிய கோப்புகளை ஒழுங்குபடுத்துவது, எஸ்எஸ்டிக்குத் தேவையில்லை) என்று விண்டோஸ் 7 தானாக அட்டவணை வைத்திருக்கும். நகலெடுத்த வட்டை அது இன்னும் சுழலும் வட்டு என்றே நினைத்துக்கொண்டிருக்கலாம். வேகத்தை அளக்கும் வின்சாட் ஓட்டி மறுமதிப்பீடு செய்தாயிற்று, அட்டவணையையும் கையாலேயே நிறுத்தியாயிற்று. டிஸேபிள்டெலீட்நோட்டிஃபை 0, டிரிம் (அழித்த இடங்களை எஸ்எஸ்டிக்குச் சொல்லும் கட்டளை) ஓடுகிறது. பெயரில் மறுப்பு இருப்பதால் 0 என்றால் உண்டு என்று அர்த்தம், இதில் குழம்பாதவர் குறைவு.

நெட் கேபிள் கழற்றியே இருக்கட்டும். விண்டோஸ் 7க்கான ஆதரவு 2020 ஜனவரி 14இலேயே முடிந்தது. வாட்ஸப்பில் வரும் படங்களை வேறு கணினியில் இறக்கி பென்டிரைவில் கொண்டுவரட்டும்.

ஆகஸ்ட் 9

பழைய வட்டை இதே கணினியில் கூட மாட்டி, படங்களுக்கு வைத்துக்கொள்ளலாமா என்கிறார் அண்ணாச்சி. நகல் என்பதால் இரண்டுக்கும் ஒரே டிஸ்க் சிக்னேச்சர், அதாவது வட்டின் அடையாள எண். விண்டோஸ் ஒன்றை ஆஃப்லைன் ஆக்கிவிடும். யாராவது ஆன்லைன் என்று அழுத்தினால் அதன் சிக்னேச்சரை மாற்றி எழுதும், பிறகு அது பூட் ஆகாது. 112 நிலுவை உள்ள வட்டில் படம் வைப்பதாவது! உறையில் போட்டு, தேதி எழுதி, பீரோவில்.

ஆகஸ்ட் 12

முதல் ஆவணி முகூர்த்தப் பத்திரிகை வேலை வந்துவிட்டதாம். 197ஐப் பார்க்கத் திறந்தேன், பழக்கதோஷம். பூஜ்யம்தான். 199இல் 2.

ஆகஸ்ட் 14, வியாழன்

199: ஹெக்ஸில் பி. 11. இது எஸ்எஸ்டியின் உடம்பில் உள்ள நோய் அல்ல, வழியில் தகவல் சிதைந்து திரும்ப அனுப்பிய கணக்கு. பழைய சாட்டா கேபிள், முனையில் கிளிப் கிடையாது, அச்சு இயந்திரம் ஓடும்போது மேசை அதிர்கிறது. எண்ணிக்கை இனி இறங்காது, ஏறாமல் இருந்தால் போதும். கிளிப் வைத்த கேபிள், அரை மீட்டருக்குள். நாளை கடை இல்லை, சனிக்கிழமைதான்.