புரட்டாதி மாதத்து வான்கோழியும் முற்றத்து இலைகளும்

கனடாவில் தாங்ஸ்கிவிங் எனப்படும் நன்றி நவிலும் நாள், அமெரிக்காவில் போல நவம்பரில் வராமல், ஒக்டோபர் மாதத்தின் இரண்டாவது திங்கட்கிழமையில் வருகிறது. 1957 ஆம் ஆண்டில் இந்த நாட்டு நாடாளுமன்றம் அதை அவ்வாறு நிலையாக்கியது. அந்தத் திங்கட்கிழமை எந்த ஆண்டிலும் எங்கள் புரட்டாதி மாதத்துக்குள்ளேயே விழும் என்பதுதான் டொரொன்டோவின் ஸ்காபரோவில் இருக்கும் என்னைப் போன்றவர்களுக்குச் சிக்கல். மாமி புரட்டாதி முழுவதும் மச்சம் தொடமாட்டார்; 2021 இல் நடந்ததுபோல நவராத்திரியும் சேர்ந்துகொண்டால் மரக்கறிக்காரர் தொகை இன்னும் கூடும். இங்கே பிறந்த பிள்ளைகளுக்கோ, மேசையில் வான்கோழி இல்லாவிட்டால் அது தாங்ஸ்கிவிங்கே இல்லை. இரு தரப்பும் ஒரே மேசையில் இருந்து வயிறாரச் சாப்பிட வேண்டும், செலவும் கையைக் கடிக்கக் கூடாது என்பதால், சில ஆண்டுகளாக அலங்காரத்துக்குக் காசு கொடுப்பதை நான் ஏறக்குறைய நிறுத்திவிட்டேன்.

அலங்காரம் முற்றத்திலேயே கிடக்கிறது. ஒக்டோபர் தொடக்கத்தில் எங்கள் தெருவின் மேப்பிள் மரங்கள் சிவப்பும் செம்மஞ்சளுமாக இலை உதிர்க்கத் தொடங்கும். இலையில் பச்சையம் அழிந்துபோக, அதுவரை மறைந்திருந்த மஞ்சள் வெளித்தெரிகிறது, சிவப்பு நிறமி அந்த வேளையில்தான் புதிதாக உருவாகிறது. பொறுக்கும்போது கவனிக்க வேண்டியவை இரண்டு. மழையில் நனைந்த இலையை எடுத்தால் இரண்டு நாளில் கரும்புள்ளி விழுந்துவிடும். காய்ந்த இலையையும் அன்றைக்கே அழுத்தி வைக்காவிட்டால் அப்பளம்போலச் சுருண்டுவிடும். நான் வியாழக்கிழமை மாலை பொறுக்கி, பழைய செய்தித்தாள்களுக்கு இடையில் பரப்பி, அதன்மேல் 20 இறாத்தல் அரிசிப் பையை வைத்துவிடுவேன். நிறம் இன்னும் சில வாரங்கள் நிற்க வேண்டுமென்றால், இரண்டு மெழுகுத்தாள்களுக்கு நடுவில் இலையை வைத்து, மேலே ஒரு பழந்துணியைப் போட்டு, மிதமான சூட்டில் அயன் பண்ணிவிட வேண்டும். (தேசியப் பூங்காக்களில் இருந்து இலைகூட எடுத்துவரக் கூடாது என்பது சட்டம்; சொந்த முற்றமும் தெருவோரமும் தாராளமாகப் போதும்.)

முதல் ஆண்டு இதைச் செய்தபோது மாமி கதிரையில் இருந்தபடியே சிறிது நேரம் பார்த்துவிட்டு, "இதென்ன பிள்ளை, முத்தத்துக் குப்பையைக் கொண்டந்து மேசையிலை கொட்டியிருக்கிறாய்?" என்று கேட்டார். அவரை நான் குறை சொல்லமாட்டேன், ஏனென்றால் அந்த ஆண்டு இலைகளோடு ஓக் மரத்துக் கொட்டைகளையும் ஒரு கண்ணாடிக் கிண்ணம் நிறைய வைத்திருந்தேன். சோறு பரிமாறிக்கொண்டிருந்தபோது அவற்றில் ஒன்றில் ஊசியால் குத்தியதுபோல ஒரு துளை தெரிந்தது. அதிலிருந்து பால்வெள்ளை நிறத்தில் ஒரு புழு நிதானமாக நெளிந்து வெளியே வந்து, மேசை விரிப்பின்மேல் மகனின் தட்டை நோக்கிப் பயணமானது. ஒரு வகை வண்டு கொட்டைக்குள் முட்டையிட்டுவிடுகிறது, இலையுதிர் காலத்தில் அதன் புழு வெளியேறுகிறது என்பதைப் பிறகுதான் அறிந்தேன். இப்போது கொட்டைகளையும் பைன் காய்களையும் தட்டில் பரப்பி, போறணையில் 200 பாகை ஃபாரன்ஹைட்டில் ஒரு மணி நேரம் பக்கத்தில் நின்று சூடாக்கிய பிறகே மேசைக்குக் கொண்டுவருகிறேன்.

விரிப்புக்குப் பதிலாக, டொலர் கடையில் வாங்கிய மண்ணிறப் பொதித்தாளை மேசை முழுவதும் விரித்து, பிள்ளைகள் இருக்கும் பக்கத்தில் வண்ணக்கட்டிகளைப் போட்டுவிடுகிறேன். உணவு வரும்வரை அவர்கள் எழும்பி ஓடுவதில்லை, சொதி சிந்தினால் துவைக்க வேண்டியதும் இல்லை. மெழுகுதிரி வைப்பதில்லை, காய்ந்த இலைக்கு நடுவில் நெருப்பு எதற்கு? நடுவில் இருக்கும் பூசணிகளுக்கு மட்டும் காசு கொடுக்கிறேன், அதுவும் மினுமினுப்புத் தூளோ வர்ணமோ பூசாத, அடுத்த வாரம் கறிக்கு வெட்டக்கூடிய பூசணிகளுக்கு மட்டும். முகம் செதுக்குவதற்கென்று விற்கும் பெரிய பூசணி நீர்த்தன்மை கூடியது, கறியில் கரைந்துவிடும். அளவில் சிறிய இனிப்புப் பூசணியையும் பட்டர்நட் எனும் நீள்வடிவப் பூசணியையும் வாங்குங்கள்.

வான்கோழியில் நான் பட்ட பாடு பனிக்கட்டியால் வந்தது. உறைந்த பறவை குளிர்சாதனப் பெட்டிக்குள் இளகுவதற்குக் கிலோவுக்கு ஏறத்தாழ 10 மணி நேரம் வேண்டும் என்பதை அறியாமல், ஐந்து கிலோப் பறவையை ஞாயிறு இரவு வெளியே எடுத்து, திங்கள் காலையில் அதன் வயிற்றுக்குள் கைவிட்டபோது உள்ளே கல்லாக இருந்தது. அன்று நாங்கள் இரவு ஒன்பது மணிக்குச் சாப்பிட்டோம். இப்போது அது வெள்ளிக்கிழமையே கீழ்த்தட்டுக்குப் போய்விடுகிறது. நெஞ்சுப் பகுதித் தோலுக்கு அடியில் உள்ளியும் மிளகும் சேர்த்த வெண்ணெயைப் பிள்ளைகளுக்காகப் பூசி, கால்களில் மட்டும் எங்கள் வறுத்த கறித்தூளையும் தேசிக்காய்ப்புளியையும் அழுத்தித் தேய்த்து, 325 பாகை ஃபாரன்ஹைட்டில் போறணைக்குள் வைத்துவிடுவேன். ஒரே பறவையில் உறைப்பும் உறைப்பின்மையும் கிடைத்துவிடும். தொடையின் தடித்த பகுதியில், எலும்பில் படாமல், வெப்பமானி 82 பாகை செல்சியஸ் காட்டிய பிறகே வெளியே எடுக்க வேண்டும்.

மரக்கறி சாப்பிடுகிறவர்களுக்குப் பக்கக் கறிகளை மட்டும் நீட்டுவது மரியாதையல்ல என்பது என் பிடிவாதம். பட்டர்நட்டை நீளவாக்கில் பிளந்து, வாட்டி, வெண்காயமும் செத்தல் மிளகாயும் தேங்காய்ப்பூவும் போட்டுத் தாளித்த கொண்டைக்கடலையை அதன் குழியில் நிரப்பி வைத்தால், வான்கோழிக்கு ஈடாக மேசையில் கம்பீரமாக நிற்கும். வற்றாளைக்கிழங்கைத் தேங்காய்ப்பால் விட்டு மசித்தால் இரு தரப்பும் சாப்பிடும். 340 கிராம் கிறான்பெரிப் பையொன்றைச் சீனி, இஞ்சி, இரண்டு பச்சை மிளகாயுடன் கொதிக்கவிட்டால், பழங்கள் படபடவென்று வெடித்துத் தானாகவே இறுகிவிடும். மாங்காய்ச் சம்பலின் புளிப்பை இந்தக் குளிர் நாட்டில் நான் அதில்தான் கண்டேன்.

இனிப்புக்கு வரும் பூசணிக்காய்ப் பை (pie, மாத்தட்டில் கூழை ஊற்றிச் சுடும் பலகாரம்), உற்றுப் பார்த்தால், நம் வட்டிலப்பத்தின் தூரத்து உறவுதான்: முட்டை, பால், இனிப்பு, சாதிக்காய். ஆகவே பாலுக்குப் பதில் கட்டித் தேங்காய்ப்பாலும் சீனிக்குப் பதில் பனங்கட்டியும் ஏலக்காயும் போட்டு இரண்டு பை செய்கிறேன். 398 மில்லிலீற்றர் பூசணிக் கூழ்ப் பேணி ஒன்றுக்கு ஒரு கோப்பைத் தேங்காய்ப்பாலும் இரண்டு முட்டையும் சரியாக இருக்கும். மாமியின் பையில் முட்டைக்குப் பதிலாகக் கால் கோப்பைச் சோளமாவைக் கரைத்து விடுகிறேன். சோளமாப் பை போறணையில் இருந்து எடுக்கும்போது தளதளவென்றுதான் இருக்கும், ஒரு இரவு குளிரில் வைத்தால்தான் துண்டு விழும். கடையில் உறைநிலையில் விற்கும் மாத்தட்டை வாங்குகிறவர்கள் பொதியின் பின்புறத்தைப் படிக்க வேண்டும். சிலவற்றில் பன்றிக்கொழுப்பு சேர்க்கிறார்கள்.

செவ்வாய்க்கிழமை, மிஞ்சிய வான்கோழியைப் பிய்த்துப் போட்டுக் கொத்துரொட்டி கொத்துவோம். பிள்ளைகள் உண்மையில் காத்திருப்பது அதற்குத்தான் என்று எனக்கு நெடுநாளாகச் சந்தேகம்.