புதுமண்டபத்துப் பக்கம் போனால்: சுங்குடி, குத்துவிளக்கு, ஜிகர்தண்டா

மதுரை மீனாட்சியம்மன் கோயிலின் கிழக்குக் கோபுரத்துக்கு எதிரே நிற்கும் புதுமண்டபம், 17ஆம் நூற்றாண்டில் திருமலை நாயக்கர் வசந்த விழாவுக்காகக் கட்டியது. தூணுக்குத் தூண் தையல் மெஷின் ஓடிய காலம் அங்கே முடிந்துவிட்டது. கடைகள் அருகிலுள்ள குன்னத்தூர் சத்திரத்துக்கு மாறிவிட்டதால், சத்திரத்துக்கே வழி கேளுங்கள்.

சித்திரை, ஆவணி மூலம், மாசி, வெளி என வீதிகள் கோயிலைச் சதுரம் சதுரமாகச் சுற்றுகின்றன. திசையைச் சேர்த்துச் சொல்லாமல் வெறுமனே ‘மாசி வீதி’ என்றால் ஆட்டோக்காரர் நான்கில் எதில் இறக்கிவிடுவது? கோயில் நடை சாத்தியிருக்கும் மதிய நேரம் துணி வாங்கத் தோதானது. கூட்டம் குறைவு, பகல் வெளிச்சமும் கிடைக்கும். டியூப்லைட்டில் அரக்கும் மெரூனும் ஒன்றாகத்தான் தெரியும்.

முதலில் சுங்குடி. நாயக்கர் காலத்தில் மதுரையில் வேரூன்றிய சௌராஷ்டிர மக்களின் கைவேலை இது; 2005இல் புவிசார் குறியீடு பெற்றது. துணியை நகத்தளவு கிள்ளி எடுத்து, நூலால் இறுக்கச் சுற்றி முடிச்சுப் போட்டு, அப்படியே சாயத்தில் முக்குவார்கள். நூல் இறுக்கிய இடத்தில் சாயம் ஏறாது. அதுதான் புள்ளி. ஒரு சேலைக்கு இப்படி ஆயிரக்கணக்கில் முடிச்சுகள். கூலி கட்டுப்படியாகாததால் முடிச்சுப் போடுபவர்கள் குறைந்துவிட்டார்கள். இன்று சுங்குடி என்ற பெயரில் குவிந்திருப்பவற்றில் பெரும்பாலானவை மெழுகு அச்சோ ஸ்கிரீன் பிரிண்டோதான். அவையும் நல்ல பருத்தியாக இருந்தால் தாராளமாக வாங்கலாம். ஆனால் கட்டுச் சுங்குடியின் விலையை அவற்றுக்குக் கொடுக்கக் கூடாது.

வித்தியாசம் கண்ணுக்கும் விரலுக்கும் தெரியும். கைக்கட்டில் புள்ளி முழு வட்டமாக இருக்காது. கொஞ்சம் கோணும், ஓரம் மங்கலாக இருக்கும், சிலவற்றின் நடுவே கடுகளவு சாயம் நிற்கும். துணி அங்கங்கே மொக்கு மொக்காகச் சுருங்கியிருக்கும். அச்சில் எல்லாப் புள்ளியும் ஒரே அளவு. சாணுக்குச் சாண் அதே கோலம் திரும்ப வரும். மெழுகு வெடித்த இடத்தில் சாயம் புகுந்து மயிரிழைக் கோடுகள் ஓடியிருந்தால் அது மெழுகு அச்சு. பின்பக்கம் வெளிறியிருந்தால் ஸ்கிரீன் பிரிண்ட். ஏமாறுவது எங்கே என்றால் இஸ்திரி போட்ட சேலையில்தான்: சுருக்கம் போய்விடுவதால் கட்டும் அச்சும் பார்வைக்கு ஒன்றாகிவிடும். முடிச்சு அவிழ்க்காத சேலை இருக்கிறதா என்று கேளுங்கள். இருந்தால் முந்தானையை இரண்டு பக்கமும் பிடித்து இழுக்கச் சொல்லுங்கள். நூல் படபடவென்று தெறித்து, வெள்ளைப் புள்ளிகள் வரிசையாகக் கண் திறக்கும்.

வீட்டுக்கு வந்ததும் முதல் இரண்டு மூன்று அலசல் தனியாக, பச்சைத் தண்ணீரில். நிழலில் உலர்த்துங்கள். ரவிக்கைத் துணியை நனைத்துக் காயவைத்த பிறகே தைக்கக் கொடுங்கள்; இல்லையென்றால் முதல் சலவையில் தோள் பிடிக்கும்.

பித்தளைக் குத்துவிளக்கு எடை போட்டு விற்பது. கையில் ஒரு சின்னக் காந்தம் இருக்கட்டும். ஒட்டினால் உள்ளே இரும்பு, மேலே முலாம். அடி, தண்டு, அகல், உச்சி என ஒவ்வொன்றையும் கழற்றி மாட்டிப் பாருங்கள். மரை சரியாகப் பிடிக்காத விளக்கு சாய்ந்து நிற்கும். அகலில் தண்ணீர் ஊற்றிக் கால் மணி நேரம் வைத்தால் மூட்டில் கசிகிறதா என்பது தெரிந்துவிடும். எண்ணெய் கசியும் விளக்கை வீட்டில் சரிசெய்வது கடினம்.

விளக்குத்தூண் பக்கம் ஜிகர்தண்டா. சுண்டக் காய்ச்சிய பால், பாதாம் பிசின் அல்லது கடல்பாசி, நன்னாரி சர்பத், மேலே ஐஸ்கிரீம். பார்சல் வேண்டாம், உருகிவிட்டால் வெறும் இனிப்புப் பால்தான். வீட்டில் செய்ய பாதாம் பிசின் வாங்கினால் ஒரு டீஸ்பூனுக்கு இரண்டு டம்ளர் தண்ணீர் விட்டு இரவு முழுக்க ஊறவிடுங்கள். அவசரப்பட்டால் நடுவில் கல் மாதிரி நிற்கும். ஊறியதும் மரத்தூசியைப் பொறுக்கி எடுத்துவிட்டு அலசுங்கள். பால் ஒரு லிட்டர், சிறு தீயில் பாதியாகச் சுண்ட வேண்டும்.

சாயங்காலம் தள்ளுவண்டிகளில் பருத்திப்பால் வரும்: பருத்திக்கொட்டையை ஊறவைத்து அரைத்துப் பிழிந்த பால், கருப்பட்டி, சுக்கு. சூடாகக் குடிக்க வேண்டும். முள்ளு முருங்கை வடை கண்ணில் பட்டால் விடாதீர்கள். கீரையை அரிசியோடு அரைத்துத் தட்டி, பூரி போலப் பொரித்து, மேலே காரப்பொடி தூவித் தருவார்கள். ஆறினால் தோல் மாதிரி இழுக்கும், எண்ணெய்ச் சட்டியிலிருந்து நேராக வாங்குங்கள்.

மல்லிகையை ஊருக்குக் கிளம்பும் நேரத்தில் வாங்குவது நல்லது. விரிந்த பூ வேண்டாம், மொட்டாகக் கட்டிய சரம் கேளுங்கள். வாழை இலையில் மடித்து, மேலே ஈரத்துணி சுற்றுங்கள். பூவின் மேல் தண்ணீர் தெளித்து பிளாஸ்டிக் பையில் கட்டினால் விடிவதற்குள் பழுப்பேறிவிடும்.