வாரத்தில் ஒரு பாடவேளை

கடலூரில் கடற்கரையை ஒட்டிய பள்ளி ஒன்றில் ஏழாம் வகுப்புக்குக் கணக்குப் பாடம் நடத்திவந்தபோது, நவம்பர் பிறந்துவிட்டால் ஒரு மாணவன் தன் நோட்டுகளையெல்லாம் பாலித்தீன் பையில் போட்டு, வாயை இரட்டை முடிச்சாகக் கட்டிக்கொண்டு வருவான். வெயில் அடிக்கும் நாளிலும் அப்படித்தான். 2015 வெள்ளத்தில் அவன் வீட்டுக்குள் இடுப்பளவு தண்ணீர் நின்றதை வெகுநாள் கழித்தே அறிந்தேன். வானம் கறுத்தால் அவன் பார்வை கரும்பலகையை விட்டு ஜன்னலுக்குப் போய்விடும்; நானோ, பின்னங்களைக் கூட்டத் தெரியாதவன் என்று அவனுக்கு மதிப்பெண்ணைக் குறைத்துக்கொண்டிருந்தேன்.

பள்ளியில் மாணவர்களுக்கான மனநலத் திட்டம் என்றாலே பாட நேரத்தை விழுங்கும் வேலை என்று ஆசிரியர் அறையில் பேசிக்கொள்வோம். ஆனால் 213 பள்ளித் திட்டங்களையும் ஏறத்தாழ 2,70,000 மாணவர்களையும் ஒருசேர ஆராய்ந்து அமெரிக்க உளவியலாளர் ஜோசப் டர்லக் குழுவினர் 2011இல் வெளியிட்ட ஆய்வு, உணர்வுகளைக் கையாளவும் பிறரோடு பழகவும் பயின்ற பிள்ளைகளின் கல்வி அடைவு சராசரியாக 11 சதமானப் புள்ளிகள் உயர்ந்திருந்ததைக் காட்டியது. நூறு பேர் வரிசையில் நடுவில் நிற்பவன் பதினொரு பேரைத் தாண்டி முன்னே வருவதற்குச் சமம் அது. இதில் மாயம் ஒன்றுமில்லை. கவலை குடிகொண்ட மனத்தில், வாக்கியக் கணக்கின் இரண்டாம் வரியைப் படிப்பதற்குள் முதல் வரி நழுவிவிடுகிறது.

எல்லாத் திட்டமும் பலித்துவிடுவதில்லை என்பதையும் சொல்ல வேண்டும். பிரிட்டனில் 85 பள்ளிகளைக் கொண்டு சோதித்துப் பார்த்த மைண்ட்ஃபுல்னெஸ் பயிற்சி, அதாவது மனத்தை நிகழ்கணத்தில் நிறுத்தும் பயிற்சி, வழக்கமான வகுப்பைவிட மேலான பலன் எதையும் தரவில்லை என்று 2022இல் முடிவு வந்தது. என்னை அதிகம் உறுத்தியது பீகாரின் நாலந்தா மாவட்டத்தில் 74 பள்ளிகளில் நடந்து, 2018இல் வெளியான, சேஹர் என்ற மாணவர் நலத் திட்டம் பற்றிய ஆய்வுதான். அதற்கென்றே பயிற்சி கொடுத்து அமர்த்தப்பட்ட, மனநல மருத்துவம் படிக்காத ஆலோசகர்கள் அத்திட்டத்தை நடத்திய பள்ளிகளில் பள்ளிச் சூழல் மேம்பட்டு, மாணவரிடையே மனச்சோர்வும் சீண்டலும் வன்முறையும் குறைந்தன; அதே திட்டத்தை ஆசிரியர்கள் நடத்திய பள்ளிகளில் அந்தப் பலன் கிட்டவில்லை.

காரணத்தை நான் வெளியே தேட வேண்டியதில்லை. எங்கள் பள்ளியிலும் வாழ்க்கைத் திறன் வகுப்புக்கென்று வாரத்தில் ஒரு பாடவேளை இருந்தது. அரையாண்டுத் தேர்வு நெருங்கியதும் அதைக் கணக்குக்குக் கேட்டு வாங்கிக்கொண்டவன் நானே. அந்த நவம்பர் மாதப் பாடக்குறிப்பேடு இன்னும் என்னிடம் இருக்கிறது. அந்தப் பாடவேளைகளுக்கு நேரே, என் கையெழுத்தில், 'பின்னங்கள் – மீள்பார்வை' என்று இருக்கிறது.