சொலவடை சேகரிப்பு: கரிசல் பக்கம், இரண்டாம் சுற்று

முதல் சுற்றில் கிடைத்த சொலவடைகளில், அதாவது பழமொழிகளில், பெரும்பகுதியைக் கழித்தாயிற்று. கோளாறு கேள்வியில்தான். "ஒரு சொலவடை சொல்லுங்க" என்றால் கோவில்பட்டிப் பக்கத்திலும் முதலில் வந்து விழுவது "ஆடிப்பட்டம் தேடி விதை". அங்கே மானாவாரிக் கரிசலில் வடகிழக்குப் பருவமழையை நம்பிப் புரட்டாசி, ஐப்பசியில்தான் விதைப்பார்கள். அது விதைப்புக் காட்டில் புழங்கிய சொல்லல்ல, பள்ளிக்கூடத்தில் படித்தது.

இந்தச் சுற்றில் சொலவடையைக் கேட்காமல் சங்கதியைச் சொல்லிக் கேட்டது பலித்தது. "காசையும் குடுத்து வம்பையும் வாங்கிக்கிட்டவன என்ன சொல்வீக?" என்றால், "வேலில போன ஓணான எடுத்து வேட்டிக்குள்ள விட்ட கதை" தானாக வரும். இன்னொரு வழி, வேண்டுமென்றே பிசகாகச் சொல்வது. "ஆடத் தெரியாதவ வீடு கோணல்னாளாம்" என்றதும் ஒருவர் தெரு என்பார், பக்கத்திலிருப்பவர் கூடம் என்பார். இரண்டையும் எழுதிக்கொள்ள வேண்டும். புது ஆள் மனம் நோகக்கூடாதென்று "அப்படியும் சொல்றதுதான்" என்று விட்டுவிடுகிறவர்களும் உண்டு. அந்தப் பதிலை ஆதாரமாக எடுக்கக்கூடாது. வேறு இரண்டு பேரிடம் கேட்டு உறுதிசெய்தபின்தான் அட்டையில் எழுதுவது.

அட்டை 5×3 அங்குலம், ஒன்றுக்கு ஒரு சொலவடை. மேல்வரியில் காதில் விழுந்தபடி, இரண்டாம் வரியில் எழுத்து வழக்கில். 'ஒடஞ்ச' என்பதை 'உடைந்த' என்று மேல்வரியில் திருத்தினால் வட்டாரம் போய்விடும். '-னாளாம்', '-ச்சாம்' என்ற வால்களை நறுக்கவே கூடாது. "நான் சொல்லல, ஊர் சொல்லுது" என்று பேசுகிறவர் நழுவிக்கொள்வது அந்த 'ஆம்'இல்தான்.

மூன்றாம் வரிதான் உயிர்: யார், யாரிடம், எதற்காகச் சொன்னது. "நாய் வித்த காசு கொலைக்குமா (குரைக்குமா)?" என்பதைத் தன் தொழிலுக்குச் சமாதானமாகவும் சொல்லலாம், அடுத்தவன் சம்பாத்தியத்தைக் குத்தவும் சொல்லலாம். தொல்காப்பியமும் முதுமொழியைக் 'குறித்த பொருளை முடித்தற்கு வரூஉம்' என்கிறது. அந்தக் குறித்த பொருள் இல்லாத அட்டை வெறும் காகிதம். செல்போனில் பதிவு செய்தாலும் அன்று இரவே எழுதிவிட வேண்டும். யாரைப் பார்த்துச் சிரித்தார்கள் என்பது ஒலிப்பதிவில் இருக்காது.

அகரவரிசை கைகொடுக்கவில்லை. ஆடத் தெரியாதவ, ஆடமாட்டாதவ என்று முதல் சொல்லே மாறுவதால் ஒன்றே இரண்டு இடத்தில் போய் உட்காருகிறது. மாறாத சொல்லை, இங்கே 'கோணல்', தலைப்பாக வைத்ததும் இரட்டைகள் பிடிபட்டன.

பெரிய தலைவலி 'உண்மையான பொருள்' என்று வாட்ஸ்அப்பில் சுற்றும் திருத்தங்கள். "கழுதைக்குத் தெரியுமா கற்பூர வாசனை" என்பது 'கழு தைக்கத் தெரியுமாம்' என்று, கழு ஒரு கோரைப்புல்லாம், கோரைப்பாய் ஆகிவிட்டது. சோதிக்க எளிய வழி, அக்கம்பக்கத்து மொழி. கன்னடத்தில் "கத்தெகேனு கொத்து கஸ்தூரி பரிமள" (கழுதைக்கென்ன தெரியும் கஸ்தூரி வாசனை) என்பார்கள். தெலுங்கிலும் காடிதைக்கு, அதாவது கழுதைக்கு, சந்தன வாசனை தெரியாது. கத்தெயையும் காடிதையையும் பிரித்து யாரும் பாய் பின்ன முடியாது. 'சட்டியில் இருந்தால் அகப்பையில் வரும்' என்பதைச் சஷ்டி விரதமாக்கியதும் இந்த ரகமே. இவை தனி உறையில், 'புதுக்கதை' என்ற குறிப்போடு.

பொருள் மறைந்துபோனவற்றுக்கு அட்டையின் பின்பக்கம். "ஆலையில்லா ஊருக்கு இலுப்பைப்பூ சர்க்கரை" என்றால் இளசுகளுக்குப் பஞ்சாலை நினைவுக்கு வருகிறது. இங்கே ஆலை கரும்பாலை. சதைப்பற்றான இலுப்பைப்பூ நிஜமாகவே இனிக்கும். தாழி, அகப்பை இரண்டுக்கும் படம் ஒட்டியாயிற்று.

சாதியையும் உடற்குறையையும் இழிக்கிறவை, பெண்களை ஏசுகிறவை ஏராளம். அழிக்கவில்லை, மூலையில் சிவப்பு மை. பள்ளிக்கூடத்துக்குக் கொடுக்கும் அட்டைக் கட்டில் அவை சேராது. அடுத்த சுற்று விளாத்திகுளம் பக்கம், ஐப்பசி விதைப்பு முடிந்த கையோடு.